வியாழக்கிழமைகளில் ஐயர் இடது கையால் சாப்பிட்டார்

1

பத்தொன்பது வருடம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷினுக்கும் கிரேனுக்கும் நடுவே வேலை பார்த்து, ஒரு நகம்கூடப் பெயராமல் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தவன் நான். வந்த இடத்தில் என்னை வீழ்த்தியது ஒரு குப்பைத் தொட்டி. அதுவும் நாற்றம் பிடித்த தொட்டிகூட இல்லை, பழைய காகிதம் போடுகிற நீலத் தொட்டி. இங்கே குப்பைக்கு நாலு நிறம், நாலு கிழமை. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குள் நீலத்தைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போகாவிட்டால் அது இரண்டு வாரத்துக்கு நம்முடனேயே குடும்பம் நடத்தும். தள்ளிக்கொண்டு போனேன். தரையில் கண்ணாடி மாதிரி பனி உறைந்திருந்தது. தொட்டி நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை.

"ஐயோ, கை போச்சே!" என்று தமிழில்தான் அலறினேன். இந்த நாலு வருடத்தில் நான் படித்த ஜெர்மன் முழுவதும் அந்த நொடியில் விடுமுறை எடுத்துக்கொண்டது. மூன்று ஜன்னல்கள் திறந்தன. தரையில் உட்கார்ந்தபடியே வலது கை விரல்களை எண்ணிப் பார்த்தேன். ஆறு வந்தது. மறுபடி எண்ணினேன், சரியாக இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் குளியல் அங்கியோடு ஓடி வந்தார். தூக்கி விடுவார் என்று நினைத்தேன். வாசலில் ஏன் மணல் தூவவில்லை என்று கேட்டார்.

என் மனைவி கிரேஸ் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவள் வேலைக்கு வந்தாள், பெட்டியோடு பெட்டியாக நானும் மகளும் வந்தோம். அதே இல்லத்தில் குழாய், கதவு, பல்பு பார்க்கிற வேலை எனக்கு. கிரேஸ் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கீறல் உட்டுருக்கு. அவ்ளோதான். மொதல்ல வாய மூடுங்க" என்றாள். ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு.

பிறகு காப்பீட்டுக் காகிதம் வந்தது. எட்டுப் பக்கம். அதில் ஒரு கேள்வி: நீங்கள் வலது கைக்காரரா, இடது கைக்காரரா? நான் யோசித்து, உண்மையை எழுதினேன். சாப்பிட வலது, கழுவ இடது. இரண்டு நாள் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து ஒருவர் மிகவும் மரியாதையாகப் போன் செய்தார். "உங்கள் பதிலில் இரண்டு கைகளும் வருகின்றன. எதை முக்கியமான கை என்று பதிவு செய்வது?" அவருக்கு நான் நம் நாகரிகத்தை விளக்க முயன்றேன். என் ஜெர்மன் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அவர் கடைசியில், "வலது என்று போடுகிறேன்" என்றார், ஆறுதல் சொல்கிற குரலில்.

அதுவரை எல்லாம் சிரிப்புதான். ஞாயிற்றுக்கிழமை கோவிலில்தான் மாட்டிக்கொண்டேன். இந்த ஊர் லுத்தரன் கோவிலில் எண்ணூறு பேர் உட்காரலாம், பதினாலு பேர் வருவோம். திருவிருந்து அன்று, அதாவது அப்பத்தை ஆண்டவரின் சரீரமாக வாங்குகிற நாளில், பதினாலு பேரும் பீடத்தைச் சுற்றி அரை வட்டமாக நிற்க, போதகரம்மா ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் அப்பத்தை வைத்துக்கொண்டே வருவார். எழுந்திருக்கப் போனேன். அப்போதுதான் என் வலது கை மாவுக்கட்டில் தொங்குவது உறைத்தது. மிச்சமிருப்பது இடது கை, நம்ம ஊரில் சொல்கிற பீச்சாங்கை. என் உடம்பு தானாகக் குனிந்தது. ஷூ கயிற்றைக் கட்டுவது போல் நடித்தேன். ஒரே கையால் ஷூ கயிறு கட்டுவது எவ்வளவு நேரமாகும் தெரியுமா? பதிமூன்று பேர் வாங்கிவிட்டுத் திரும்பும் வரை ஆகும்.

வீட்டுக்கு நடக்கும்போது மகள் ஜெனி கேட்டாள். பதினாலு வயது. அவளுடைய தமிழ் இப்போது சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் மட்டும்தான் வெளியே வருகிறது.

"ஏன்பா போகல?"

"கை இப்டி இருக்குதே."

"இன்னொரு கை இருக்கே."

"அது பீச்சாங்கைம்மா."

ஜெனி தன் இடது கையை உயர்த்திக் காட்டினாள். அவள் பிறவி இடது கைக்காரி. எழுதுவதும் சாப்பிடுவதும் அதில்தான். "நான் எப்பவும் இதுலதான் வாங்குறேன். அப்போ எனக்கு வந்ததெல்லாம் கணக்கில்லையா?"

அவள் கேள்வி என்னை நேராகக் கொண்டுபோய் விட்ட இடம் எனக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டியில் எங்கள் சபையின் கடைசி பெஞ்ச். அங்கே ஒரு மனிதன் ஆறு வருடமாக ஷூ கயிறு கட்டிக்கொண்டிருக்கிறான். அவன் காலில் செருப்புதான், இருந்தாலும்.

2

எங்கள் கோவிலைத் தெரியாதவர்களுக்கு: தொழிற்பேட்டையின் பின்பக்கம், தகரக் கூரை, பக்கத்தில் லாரி எடைமேடை. ஜெபம் நடக்கும்போது எடைமேடை மணி அடித்தால் புதிதாக வந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். சபையார் எல்லாரும் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள். நிலம் கம்பெனியானது, நாங்கள் கம்பெனி ஆட்களானோம். காண்ட்ராக்ட்தான், ஆனாலும் யூனிபாரம் உண்டு.

போதகர் மாசிலாமணி ஐயர். லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் பேச்சு புரிய அவருக்கு ஒரு வருடம் பிடித்தது. எங்கள் சபைக்கு வர வேறு யாரும் ஆசைப்படாததால் மேலிடம் அவரை மாற்றவே மறந்துவிட்டது.

அவருடைய ஊழியத்தை நான் மெச்சுவது பிரசங்கத்துக்காக இல்லை. பிரசங்கம் சுமார்தான். பதினொரு நிமிடத்தில் முடியும், அதில் மூன்று நிமிடம் கண்ணாடி தேடுவார். ஆனால் அவர் நோட்டின் பின்பக்கத்தில் சபையார் அத்தனை பேருடைய ஷிப்டும் பென்சிலால் எழுதியிருக்கும், வாரா வாரம் அழித்துத் திருத்தியபடி. இரவு வேலை முடித்துப் படுத்தவன் வீட்டுக் கதவைக் காலையில் தட்டமாட்டார். இரண்டு மணிக்கு வேலைக்குப் போகிறவனை ஒன்றரைக்குப் பிடித்து வைத்து ஜெபம் பண்ணமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையையே இரண்டாகப் பிரித்துவிட்டார். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்குக் காலை ஏழு மணி, பகல் ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு மதியம் மூன்றரை. முதலில் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். "மத்தியானம் மூணரைக்கு ஆண்டவரு முழிச்சிகினு இருப்பாரா ஐயரே?" என்று நானே கேட்டேன். "அவருக்கு ஜெனரல் ஷிப்ட் கிடையாதுப்பா" என்றார்.

இன்னொரு பழக்கம். வீட்டுக்கு ஜெபிக்க வந்தால், "எந்த மெஷின்?" என்று கேட்பார். மெஷின் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். "ஆண்டவரே, மூன்றாம் நம்பர் பர்னஸ் பக்கத்தில் நிற்கிற இந்தப் பிள்ளையை" என்று ஆரம்பிப்பார். சிரிப்பாக இருக்கும். ஆனால் பர்னஸ் பக்கத்தில் போய் நிற்கும்போது, நாம் நிற்கிற இடம் இன்னொருவருக்கும் தெரியும் என்கிற நினைப்பு கொஞ்சம் தைரியம் தரும். எனக்குத் தைரியம் எப்போதும் கையிருப்பில் குறைவு என்பதால் சொல்கிறேன்.

3

தன்ராஜ் மச்சான் கிரேஸுக்கு அண்ணன். என்னை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அவர்தான். பவர் பிரஸ் ஆபரேட்டர். அவர் தகடு வைத்து எடுக்கிற வேகத்தைப் பார்க்க மற்ற ஷெட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பகல் ஷிப்டில் அவருடைய பிரஸ் மெஷினின் அச்சு, இறங்கக் கூடாத நேரத்தில் இறங்கியது. வலது கை, மணிக்கட்டோடு. அதற்கு மேல் விவரிக்க எனக்கு இஷ்டமில்லை.

நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். சத்தம் கேட்டதும் ஓடினேன். ஷெட்டைத் தாண்டி, கேண்டீனைத் தாண்டி, கேட் வரை ஓடினேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி என் முகத்தைப் பார்த்தே ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டார். ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தது. ரத்தம் அதிகம் போகும் முன் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டாக்டர், "நல்ல நேரத்தில் கொண்டு வந்தீர்கள்" என்றார். மறுநாளிலிருந்து ஊரெல்லாம் ஒரே பேச்சு: எட்வின் மட்டும் அன்றைக்கு ஓடலைன்னா தன்ராஜ் இல்லை.

எட்வின் நான்தான், ஓடியது உண்மை. எட்வின் ஆம்புலன்சுக்காக ஓடவில்லை. எட்வின் பயந்து ஓடினான். கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப் வரை போகிற திட்டம்தான் அவனிடம் இருந்தது. செக்யூரிட்டி போனை எடுத்ததைப் பார்த்துத்தான் நின்றான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் பாராட்டிக் கோவிலில் ஒரு துண்டு போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன்.

4

மச்சான் நாலு மாதம் கழித்துக் கோவிலுக்கு வந்தார். முன் பெஞ்சுக்காரர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வலது கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தார். பாட்டுக்கு எழுந்தார், ஜெபத்துக்குத் தலை குனிந்தார். திருவிருந்துக்கு மட்டும் எழவில்லை.

இரண்டு மாதம் பார்த்துவிட்டு ஐயர் மச்சானின் வீட்டுக்குப் போனார். நானும் கூட இருந்தேன்.

"அய்யரே, நீங்க நல்லவரு. ஆனா சோத்தாங்கை போச்சி. பீச்சாங்கைல ஆண்டவரு சரீரத்த வாங்கச் சொல்றியா? எந்தக் கைல இன்னா பண்றேன்னு எனக்குத் தெரியும்ல?"

"நாக்குல வச்சிடறேன் தன்ராஜ்."

"கொழந்தைக்கு ஊட்ற மாதிரியா? அத்தினி பேரு முன்னாடி?"

"அப்ப வீட்டுக்குக் கொண்டாந்து தரேன்."

"அது சாவப் போற கெழங்கட்டைங்களுக்கு. நான் இன்னா படுத்துகினா கீறேன்?"

ஐயர் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். வழியில் நான்தான் அந்த அருமையான யோசனையைச் சொன்னேன். "ஐயரே, ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாருமே பீச்சாங்கைல வாங்கினா? மச்சானுக்கு வெக்கம் போய்டும்ல?" ஐயர் மொபெட்டை நிறுத்தி என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆபத்தான அறிகுறி அது. போதகர்களுக்கு ஒரு யோசனை பிடித்துவிட்டால் யாரும் தடுக்க முடியாது.

அந்த ஞாயிறு ஐயர் அறிவித்தார்: "இன்று நாம் எல்லாரும் இடது கையில் வாங்குவோம்."

கோவில் முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பியது. கடைசி பெஞ்சை நோக்கி. மூன்று அம்மாமார்கள், "நாங்க அடுத்த மாசம் வாங்கிக்கறோம்" என்று சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். வரிசையில் போனவர்களில் பாதிப் பேர் இடது கையை நீட்டிவிட்டுக் கடைசி நொடியில் வலதுக்கு மாறினார்கள். ஒருவர் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தார். மச்சான் எழுந்தார். நடுவழியாக நடந்து, தகரக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே போனார். அந்தக் கதவின் சத்தத்துக்கு எடைமேடை மணி தேவலை.

அடுத்த வாரம் ஐயர் பிரசங்க மேடையில் ஏறவில்லை. கீழே, பெஞ்சுகளுக்கு நடுவில் நின்றார்.

"போன வாரம் நான் தப்புப் பண்ணிட்டேன். ஒரு மனுஷனோட காயத்தை எடுத்து உங்களுக்குப் பாடம் நடத்திட்டேன். காயம் அவருடையது, அதைக் காட்டறதா மறைக்கறதான்னு முடிவு பண்ண வேண்டியது அவர். நான் இல்லை. சபையார் என்னை மன்னிக்கணும்."

எங்கள் தாத்தா காலத்திலிருந்து எந்த ஐயரும் சபையிடம் மன்னிப்புக் கேட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. எல்லாரும் சங்கடத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள். யோசனை யாருடையது என்று ஐயர் கடைசி வரை சொல்லவில்லை. நான் தலையைக் குனிந்து பாட்டுப் புத்தகத்தின் அட்டவணையை மிகுந்த பக்தியோடு வாசித்துக்கொண்டிருந்தேன்.

5

மச்சானிடம் தனியாக மன்னிப்புக் கேட்க ஐயர் ஒரு வியாழக்கிழமை போனார். மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மதியச் சாப்பாட்டு நேரம். அவர் மனைவி ரூபி அக்கா மரியாதைக்கு, "சாப்ட்டு போங்க ஐயரே" என்றார். மச்சான் அந்த நாட்களில் யார் எதிரிலும் சாப்பிடமாட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஸ்பூனால் இடது கையில் சாப்பிடுவார். ஐயர் தட்டை எடுத்துக்கொண்டு போய் அதே சுவரைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையைச் சோற்றில் விட்டார்.

அன்றைக்குப் பழவேற்காட்டிலிருந்து வந்த மடவை மீன் குழம்பு. முள் உள்ள மீனை இடது கையால் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் இந்த ஆறு வாரத்தில் முயற்சி செய்தேன், அதனால் சொல்கிறேன், ஐயருக்குப் பரலோகம் உறுதி. குழம்பு முழங்கை வரை ஓடியது. வெள்ளை வேட்டி மஞ்சளானது. ஒரு முள் மீசையில் தொங்கியது. மச்சான் ஓரக்கண்ணால் பார்த்தாராம். பத்து நிமிடம் அடக்கிக்கொண்டு, பிறகு முடியாமல் கேட்டாராம்:

"அய்யரே, எனக்குத்தான் கை இல்ல. உங்களுக்கு இன்னா கேடு?"

"ஒண்ணுமில்ல தன்ராஜ். எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியல. தெரியாம அன்னிக்கு கோவில்ல பேசிட்டேன். அதான்."

"அதுக்கோசரம் வேட்டிய நாசம் பண்ணிகினியே. அந்தாண்ட முள்ள புடி. இப்டி இல்ல, கட்ட வெரலால அழுத்து."

ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் மச்சான் சிரித்தது அன்றைக்குத்தான் என்று ரூபி அக்கா சொன்னார். அதற்குப் பிறகு ஐயர் ஒவ்வொரு வியாழனும் வந்தார். திருவிருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பைபிளைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடது கையால் சாப்பிட்டு, கம்பெனி நியாயம், மழை, தஞ்சாவூர்ச் சாப்பாடா கும்மிடிப்பூண்டிச் சாப்பாடா என்கிற சண்டை, அவ்வளவுதான். ஒரு வருடத்தில் இருவரும் சுவரிலிருந்து திரும்பி வாசலைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார்கள். நான் ஜெர்மனிக்குக் கிளம்பிய வாரம்கூட வியாழக்கிழமைச் சாப்பாடு நடந்தது. வேட்டி சுத்தமாக இருந்தது, ஐயர் தேறிவிட்டிருந்தார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மச்சான் எழவில்லை. வலது கை பாக்கெட்டிலேயே இருந்தது.

6

என் கை உடைந்த அடுத்த வாரம் ரூபி அக்கா வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். "அய்யருக்கு ரிட்டயர்மென்ட்டுப்பா. இந்த ஞாயித்துக்கிழமதான் கடைசி திருவிருந்து. அடுத்த நாளு தஞ்சாவூரு போறாரு. ஊட்டுக்காரரு வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. ரெண்டு நாளா சோறு எறங்கல. அய்யரு கைல வாங்காம வேற யாரு கைலயும் வாங்கப் போறதில்ல, எனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்த பேசு. நீ சொன்னா கேப்பாரு. உசுரக் காப்பாத்தினவன் நீ."

உயிரைக் காப்பாற்றினவன். மாவுக்கட்டோடு சமையலறையில் நாலு சுற்றுச் சுற்றினேன். ஆறு வருடமாக ஐயர் வாயைத் திறக்காமல் காத்த ஒரு காரியத்தில், ஷூ கயிறு கட்டியவன் போய் என்ன உற்சாகப்படுத்துவது? ஆனாலும் காப்பீட்டுக் காகிதம் வந்த உறையின் பின்புறம் இடது கையால் ஒரு சின்ன உரை எழுதினேன். எழுத்து நண்டு நடந்த மாதிரி இருந்தது. மனப்பாடம் செய்துகொண்டு போன் போட்டேன்.

"இன்னா மாப்ள, கைய ஒடச்சிகினியாமே? சோத்தாங்கையா?"

"ஆமா மச்சான்."

"எப்டி சாப்புடுற?"

"ஸ்பூன்ல."

"ஸ்பூனு வேணா. கட்ட வெரலால அழுத்தி சாப்புடு. ஒரு வாரத்துல பழகிடும்."

அவர் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். என் உரை முதல் வரியிலேயே தொலைந்துபோனது. அதற்குப் பதிலாக வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"மச்சான், அன்னிக்கு நான் ஆம்புலன்சு கூப்ட ஓடல. பயத்துல ஓடினேன். பஸ் ஏறிப் போயிருப்பேன். செக்யூரிட்டியா பாத்து போன் போட்டான்."

எதிர்முனையில் லாரி போகிற சத்தம் மட்டும் வந்தது. ஆறு வருடமாக நான் போர்த்தியிருந்த துண்டு இப்போதுதான் தோளிலிருந்து இறங்கியது. குளிராக இருந்தது.

"தெரியும்" என்றார் மச்சான்.

"இன்னாது?"

"ஆஸ்பத்திரில பாக்க வந்தப்பவே செக்யூரிட்டி சொல்லிட்டான். 'உங்க மாப்ள பஸ் ஸ்டாப்பாண்ட போவப் பாத்தாரு, நான்தான் நிறுத்துனேன்'னு. அட, உடு மாப்ள. நானா இருந்தா மெட்ராஸ் வரிக்கும் ஓடியிருப்பேன்."

"அப்புறம் ஏன் இத்தினி வருஷம் சொல்லல?"

"நீ துண்டு போத்திகினு அவ்ளோ சந்தோசமா நின்னியே. அத்த எதுக்குக் கெடுக்கணும்னு உட்டேன்."

நான் சிரிக்கப் பார்த்தேன். சரியாக வரவில்லை. மச்சானே தொடர்ந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"பீச்சாங்கை எல்லாம் ஒரு சாக்கு மாப்ள. அத்தினி பேரு முன்னாடி அந்தக் கைய பாக்கெட்லயே வச்சிகினு முட்டி போட முடியாது. எடுக்கணும். அத்த எடுக்கத்தான் முடியல."

"ஐயரு கிட்ட சொன்னியா?"

"அவரு கேக்கவே இல்லியே. ஆறு வருஷம். ஒரு வாட்டி கேட்டிருந்தா சண்ட போட்டு தொரத்தி இருப்பேன். இந்தாளு மீனத் துன்னுட்டு மீனத் துன்னுட்டுப் போறாரு. இப்ப ஊரவுட்டே போறாரு. பேஜாரா இருக்குது."

"ஞாயித்துக்கிழம?"

"பாக்கலாம்" என்றார். எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு முக்கால்வாசி நேரம் இல்லை என்றுதான் அர்த்தம்.

7

மதியம் மூன்றரை ஆராதனை எங்களுக்குக் காலை பதினொன்று. கிரேஸ் வேலையில் இருந்தாள். நான் இந்த ஊர்க் கோவிலுக்கு லீவு போட்டுவிட்டு, சமையலறை மேஜையில் சர்க்கரை டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்தேன். ஜெனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை. வழக்கமாக இந்த மாதிரி வீடியோவுக்கு அவள் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள்.

ரூபி அக்காதான் படம் பிடித்தார். கோவில் நிறைந்திருந்தது, யூனிபாரத்தோடு ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். ஐயர் கண்ணாடியைத் தேடினார். பதினொரு நிமிடம் பேசினார். தன்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. யார் யாருக்கு எந்த ஷிப்ட் என்கிற நோட்டைத் தன் உதவியாளரான உபதேசியாரிடம் கொடுத்திருப்பதாகவும், புதிதாக வருகிறவர் காலையில் கதவைத் தட்டினால் கோபப்படாமல் எடுத்துச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார்.

திருவிருந்து ஆரம்பித்தது. பீடத்தின் முன் ஒரு வரிசை முழங்கால் படியிட்டு, வாங்கி, எழுந்தது. இரண்டாவது வரிசை எழுந்தது. மூன்றாவது போகும்போது படம் திடீரென்று ஆடியது. தரை தெரிந்தது, ஒரு செருப்பு தெரிந்தது, பிறகு மின்விசிறி. விசிறி மட்டும்.

"அக்கா, போன நேரா புடி! அக்கா!" என்று கத்தினேன். அங்கே கேட்காது, என் பக்கத்துச் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள். "ஜெனி, கட் ஆய்டிச்சா? நெட்டு போச்சா? இன்னா ஆச்சு?" என் நெஞ்சு பிரஸ் மெஷின் மாதிரி அடித்தது. ஒற்றைக் கையால் போனைத் தட்டினேன். ஜெனி என் கையை விலக்கிவிட்டாள்.

"அப்பா, சும்மா இரு. சத்தம் வருது."

வந்தது. விசிறி சுற்ற, ஐயரின் குரல் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவருக்கும் அப்பம் கொடுக்கும்போது சொல்கிற அதே வாக்கியம், அதே தஞ்சாவூர் உச்சரிப்பு. ஒருவர். அடுத்தவர். அடுத்தவர். பிறகு குரல் நின்றது.

நாங்கள் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜெனி என் மாவுக்கட்டின் மேல் கை வைத்தாள். யாரோ இருமினார்கள். எடைமேடை மணி ஒரு தடவை அடித்தது. அப்புறம் வேறொரு குரல், மெதுவாக, அந்த வாக்கியத்தின் முதல் வார்த்தையைச் சொன்னது. ஐயரின் குரல் அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்லி முடித்தது. பிறகு அடுத்தவர்.

ஒரு மணி நேரம் கழித்து ரூபி அக்கா பேசினார். அழுது முடித்த குரல்.

"பாத்தியா எட்வின்?"

"ஃபேனு பாத்தேன்."

"ஐய, அவரு எழுந்ததும் போன பெஞ்சுல போட்டுட்டேன்பா. சொல்றேன் கேளு. எழுந்து போனாரு. எல்லாரோட முட்டி போட்டாரு. அய்யரு எதிர்ல வந்து நின்னதும் பாக்கெட்லருந்து அந்தக் கைய எடுத்தாரு. எடுத்து கீழ வச்சி, அதும்மேல பீச்சாங்கைய வச்சி, ரெண்டு கையாலயும் ஏந்தினாரு. நானே அந்தக் கைய ஆறு வருஷத்துல வெளிச்சத்துல பாத்ததில்லப்பா. துணி போட்டு மூடிக்குவாரு."

"ஐயரு இன்னா பண்ணாரு?"

"அவருக்கு சொல்ல வேண்டியது மறந்துபோச்சி. அப்டியே நின்னுட்டாரு. முப்பது வருஷமா சொல்றத. உபதேசியாரு பின்னாலருந்து எடுத்துக் குடுத்தாரு."

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இன்னா சொல்லுவாங்க? பக்கத்துல முட்டி போட்டிருந்தவன் கொஞ்சம் நவுந்து எடம் உட்டான். அவ்ளோதான். இரு, அவரு வராரு, பேசு."

மச்சான் போனை வாங்கினார். என்னிடம் கேட்க நிறைய இருந்தது. எப்படித் துணிந்தீர்கள், பயமாக இல்லையா, இப்போது எப்படி இருக்கிறது என்று. ஆனால் நான் கேட்டது ஒன்றே ஒன்று.

"எப்டி இருந்துச்சி மச்சான்?"

"இன்னா எப்டி? அதே ருசிதான். காகிதம் மாதிரி. மேல்வாயில ஒட்டிக்கிச்சி." பின்னாலிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "தோ வரேன் நைனா! மாப்ள, வச்சிடறேன். அய்யரு சாமான் ஏத்த வண்டி இன்னிக்கே வந்துடுச்சி. எல்லாம் சின்னப் பசங்க, பீரோவ செவுத்துல இடிச்சிகினு நிக்கிறானுங்க. நான் போய்ப் புடிச்சாத்தான் வாசப்படி தாண்டும்."